பழகிப்போன உடல் என்று ஒன்று இல்லை: மலக்குழி மரணங்களும் ரத்தத்தின் அமில-கார சமநிலையும்

மலக்குழியில் இறங்கிய ஒருவர் உயிரிழந்தால் மறுநாள் நாளேட்டில் வரும் தலைப்பு ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: 'விஷவாயு தாக்கிப் பலி'. வாயு ஏதோ மறைந்திருந்து பாய்ந்ததைப் போன்ற சொல்லாட்சி இது. இதனுடன் இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும். அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவர், இந்த வேலைக்குப் பழக்கப்பட்டவர், கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று வேலைக்கு அழைத்தவரும் அக்கம்பக்கத்தவரும் சொல்வார்கள். சில வேளைகளில் காவல்துறையின் குறிப்பிலும் அது இடம்பெறும். ஒரு சாதியில் பிறந்தவரின் உடல் மற்றவர் உடலைவிட நாற்றத்தையும் நச்சுக் காற்றையும் கூடுதலாகத் தாங்கும் என்ற பழைய நம்பிக்கைதான் இங்கே 'அனுபவம்' என்ற நாகரிகமான பெயரில் உலவுகிறது.

இந்த நம்பிக்கை அறத்தின் முன் நிற்காது என்பதை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். அது உடலியலின் முன்னும் நிற்காது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அதற்கு ரத்தத்தின் அமில-கார சமநிலையையும் அதில் கரியமில வாயு வகிக்கும் இடத்தையும் சற்று விரிவாகப் பார்த்தாக வேண்டும். வேதியியலைப் பள்ளியோடு விட்டுவிட்ட வாசகர்களும் பின்தொடரக்கூடிய செய்திதான் இது.

பாடநூல்கள் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று எழுதும் வாயுவை நம் முந்தைய தலைமுறை கரியமில வாயு என்றே அழைத்தது. கரி, அமிலம், வாயு என்ற மூன்று சொற்களும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. நமக்குத் தேவையான பாடம் முழுவதும் அந்த நடுச்சொல்லில் அடங்கியிருப்பதால் இங்கே பழைய பெயரையே பயன்படுத்துகிறோம். இந்த வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் உடனே ஒரு ஹைட்ரஜன் அயனியாகவும் ஒரு பைகார்பனேட் அயனியாகவும் பிரிகிறது. ஹைட்ரஜன் அயனிதான் அமிலத்தன்மை. பைகார்பனேட் அதைத் தணிக்கும் காரம். இந்த வினை இரு திசையிலும் நடக்கக்கூடியது. கரியமில வாயு மிகுந்தால் அமிலம் மிகும். வாயு வெளியேறினால் அமிலமும் குறையும். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இந்த வினையை நொடிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடுகிறது.

நாம் உண்ணும் உணவு உடலில் எரிந்து ஆற்றலாகும்போது ஒவ்வொரு செல்லும் கரியமில வாயுவை வெளியிடுகிறது. சும்மா படுத்திருக்கும் ஒருவரின் உடல்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் வாயுவை உண்டாக்குகிறது. குனிந்து நிமிர்ந்து வாளியில் கசடு அள்ளுவது போன்ற கடும் உழைப்பில் இது பல மடங்கு பெருகும். உண்டான வாயுவில் பத்தில் ஏழு பங்கு ரத்தத்தில் பைகார்பனேட்டாக மாறி நுரையீரலுக்குப் பயணிக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டும், சிறு பகுதி வெறுமனே கரைந்தும் செல்கிறது. நுரையீரலை அடைந்ததும் வினை திரும்பி ஓடி, வாயு மீண்டும் வாயுவாகி மூச்சில் வெளியேறுகிறது.

மூச்சு என்றால் ஆக்சிஜனை உள்ளே இழுப்பது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அமிலத்தை வெளியே தள்ளுவதும் மூச்சின் வேலைதான். ஒரு நாளில் நுரையீரல் வழியாக வெளியேறும் அமிலத்தின் அளவு ஏறக்குறைய 15,000 மில்லிமோல். சிறுநீரகம் ஒரு நாளில் வெளியேற்றும் அமிலமோ 70 மில்லிமோல் அளவுதான். ஏறத்தாழ இருநூறு மடங்கு வேறுபாடு. சிறுநீரகம் பழுதுபட்டவர் சில நாள்களேனும் தாக்குப்பிடிக்கிறார். மூச்சு நின்றவருக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. இதற்கு ஆக்சிஜன் இன்மை முதற்காரணம் என்றாலும், தேங்கும் அமிலமும் அதற்குத் துணைபோகிறது.

இனி எண்களுக்கு வருவோம். ரத்தத்தின் அமில-கார நிலையைப் பிஎச் என்ற அளவால் குறிக்கிறோம். தமனி ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது என்பதால் எண்ணில் தெரியும் சிறு மாற்றம் உண்மையில் பெரிய மாற்றம். பிஎச் 7.4 இலிருந்து 7.1 ஆகக் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரட்டிப்பாகிவிட்டது என்று கொள்ள வேண்டும். 6.8 அளவுக்குக் கீழே உயிர் தரிப்பது மிக அரிது.

தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவையொட்டி இருக்கும். பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல் இருக்கும். பைகார்பனேட்டுக்கும் கரைந்துள்ள வாயுவுக்கும் இடையே இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் நிலவும்வரை பிஎச் 7.4 என நிற்கும். அமெரிக்க வேதியியலாளர் லாரன்ஸ் ஹெண்டர்சனும் டென்மார்க்கின் கார்ல் ஹாசல்பால்ஹும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த சமன்பாடு இந்த உறவைத்தான் சொல்கிறது. மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சமன்பாட்டை விடவும் நமக்குப் பயன்படும் ஒரு எளிய கணக்கு உண்டு: வாயுவின் அழுத்தம் திடீரென 10 அலகு உயர்ந்தால் பிஎச் 0.08 அளவு குறையும்.

அழுத்தம் நாற்பதிலேயே நிலைத்திருப்பதற்குக் காரணம் மூளைத்தண்டில் இருக்கும் உணர்விகள். ரத்தத்தில் உள்ள கரியமில வாயு மூளையைச் சூழ்ந்த நீருக்குள் எளிதில் ஊடுருவி அங்கே அமிலமாகிறது. அந்த அமிலத்தை உணர்ந்ததும் மூளை மூச்சை விரைவுபடுத்துகிறது, வாயு வெளியேறுகிறது, பிஎச் பழைய நிலைக்கு மீள்கிறது. மூச்சை அடக்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் நெஞ்சு வெடிப்பதுபோல் எழும் தவிப்பு தெரிந்திருக்கும். அந்தத் தவிப்பைப் பெரிதும் எழுப்புவது ஆக்சிஜன் குறைவு அன்று, கரியமில வாயுவின் மிகுதி. கழுத்துத் தமனிகளின் அருகே ஆக்சிஜனை அறியும் உணர்விகளும் இருக்கின்றன. ஆனால் ஆக்சிஜனின் அழுத்தம் 60 அலகுக்குக் கீழே சரிந்த பிறகே அவை உரக்கக் குரல் எழுப்புகின்றன. நம் உடலின் முதன்மையான அபாயமணி கரியமில வாயுவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மலக்குழிக்குள் நிகழ்வதைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்.

மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டியில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் மலத்தைச் சிதைக்கின்றன. அதிலிருந்து மீத்தேனும் கரியமில வாயுவும் பெருமளவில் உண்டாகின்றன, கந்தகச் சேர்மங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதே சிதைவுதான். வாயுக்களில் ஒரு பகுதி கெட்டிப்பட்ட கசடுக்குள் குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கும். மேலே இருந்து பார்க்கும்போது தொட்டி அமைதியாக இருக்கும். உள்ளே இறங்கியவர் கசடைக் கிளறும்போதுதான் அவை விடுபடும். மூடியைத் திறந்து சிறிது நேரம் காத்திருந்தோம், தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோம் என்று சொல்லும் வழக்கம் ஏன் யாரையும் காப்பாற்றவில்லை என்பது இப்போது விளங்கும். மீத்தேன் தேங்கிய இடத்தில் தீக்குச்சி கொளுத்துவது வெடிப்பையே வரவழைக்கும் என்பது வேறு.

கரியமில வாயு மிகுந்த ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் இந்த வாயு 0.04 விழுக்காடு. உள்ளே இழுக்கும் காற்றில் அது 3 விழுக்காட்டை எட்டினால் மூச்சின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 4 விழுக்காடு உயிருக்கு உடனடி ஆபத்து எனத் தொழிலிடப் பாதுகாப்பு நெறிகள் வரையறுக்கின்றன. 10 விழுக்காடு இருந்தால், இழுக்கும் காற்றிலேயே வாயுவின் அழுத்தம் 70 அலகைத் தாண்டிவிடும். வெளியேற்ற வேண்டியதைவிட உள்ளே வருவது அதிகம். எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் ரத்தத்தின் அழுத்தம் எழுபதுக்குக் கீழே இறங்க வழியில்லை. அது 80 ஆகும்போது, மேலே சொன்ன கணக்குப்படி, பிஎச் 7.1 அளவுக்குச் சரிந்திருக்கும். தலைவலி, வியர்வை, குழப்பம், பின்பு மயக்கம் என்று நிமிடங்களுக்குள் எல்லாம் நடந்து முடியும். அமிலம் மிகுந்த ரத்தத்தில் இதயத் தசையின் சுருக்கம் வலுவிழக்கிறது, துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. அபாயமணி இங்கே ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இடும் கட்டளை 'இன்னும் வேகமாக மூச்சு வாங்கு' என்பது. நல்ல காற்றில் உயிர் காக்கும் அந்தக் கட்டளை குழிக்குள் நச்சை விரைவாக உள்ளிழுக்கச் செய்கிறது.

இரண்டாவது வகைக் குழியில் அபாயமணி ஒலிப்பதே இல்லை. மீத்தேன் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்ட இடம் அது. காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு இருக்க வேண்டும், 19.5 ஆகக் குறைந்தாலே அந்த இடம் பாதுகாப்பற்றது. குழிக்குள் அது 6 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், கரியமில வாயு மிகுந்திராவிட்டால், இறங்குபவர் வழக்கம்போல் மூச்சு விடுகிறார். உடலிலிருந்து வாயு தடையின்றி வெளியேறுகிறது, ரத்தம் அமிலமாவதில்லை, மூளைத்தண்டுக்குப் புகார் ஏதும் இல்லை. தவிப்பு இல்லாமலேயே நினைவு தப்புகிறது. ஏணியின் பாதியில் கை தளர்ந்து விழுந்தவர்களைப் பற்றி 'கால் வழுக்கி விழுந்தார்' என்று எழுதப்படும்போது இந்தச் சாத்தியத்தை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டது என்று எல்லோரும் அறிவார்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவை அது எட்டும்போது மோப்ப நரம்பே மரத்துப்போகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நாற்றம் நின்றுவிட்டதால் வாயு போய்விட்டது என்று தோன்றும். 'பழக்கம்' என்று வெளியே நிற்பவர்கள் வியந்து சொல்வது பல வேளைகளில் இந்த நரம்பு மரத்துப்போதலைத்தான். இதைவிடச் செறிவு கூடினால் வாயு செல்களுக்குள் புகுந்து ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்கு அது பயன்படாது. ஆக்சிஜன் இன்றி ஆற்றல் ஈட்ட முயலும் செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அதைத் தணிக்கப் பைகார்பனேட் கரைகிறது, அப்படிக் கரையும்போது மேலும் கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்ற வேண்டிய மூச்சு மையத்தையோ அதே நச்சு முடக்கியிருக்கும். இரு பக்கமிருந்தும் அமிலம் ஏறுகிறது. உண்மையான மலக்குழிகளில் இந்த மூன்று நிலைகளும் தனித்தனியே இருப்பதில்லை, வெவ்வேறு விகிதங்களில் கலந்தே இருக்கும்.

உடல் பழகவே பழகாதா என்ற கேள்விக்கு நேர்மையான விடை தர வேண்டும். கரியமில வாயுவுக்கு உடல் ஓரளவு பழகுவது உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு வாயுவின் அழுத்தம் 60 அலகாக இருந்தும் பிஎச் இயல்பையொட்டி இருக்கக் காண்கிறோம். சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேமித்து அந்த இருபதுக்கு ஒன்று விகிதத்தை மீட்க முயல்வதே காரணம். ஆனால் அந்த ஈடுசெய்தல் முழுமை பெற மூன்று முதல் ஐந்து நாள்கள் வேண்டும், அதுவரை வாயுவும் இடைவிடாமல் மிகுந்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறை அரை மணி நேரம் இறங்கி ஏறும் தொழிலாளிக்கு அப்படி எந்தச் சேமிப்பும் உருவாவதில்லை. இருபது ஆண்டுகள் இறங்கியவரின் சிறுநீரகமும் முதன்முறை இறங்குபவரின் சிறுநீரகமும் அந்த நிமிடங்களில் ஒன்றுபோலவே கையறு நிலையில் இருக்கின்றன. இருபதாண்டு அனுபவத்துக்குக் கிடைத்திருப்பது இதுவரை நச்சுச் செறிவு மிகாத குழிகளில் இறங்க நேர்ந்த தற்செயல் மட்டும்.

இவையெல்லாம் அண்மையில் கண்டறியப்பட்டவை அல்ல. 1895 ஜூலை 1 அன்று லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாமின் கழிவுநீர் இறைப்பு நிலையத்தில் ஒரு தொழிலாளி கிணற்றுக்குள் விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கிய நால்வரும் இறந்தனர். ஐந்து உயிர்கள். லண்டனில் போஸ்ட்மென்ஸ் பார்க் என்ற பூங்காவில் அந்த நால்வரின் பெயரைத் தாங்கிய ஓடு இன்றும் சுவரில் இருக்கிறது. அச்சாவுகளை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். காற்றுப்புகாத அறைக்குள் தானே அமர்ந்து, கெட்டுப்போகும் காற்றைச் சுவாசித்துப் பார்த்தவர் அவர். அவரும் பிரீஸ்ட்லியும் 1905 இல் வெளியிட்ட ஆய்வுதான் மூச்சின் அளவைக் கரியமில வாயு நிர்ணயிக்கிறது என்பதை நிறுவியது. நுரையீரல் உடலியலின் அடித்தளங்களில் ஒன்றை அமைத்த அறிஞர், சாக்கடைக் காற்றையும் சுரங்கச் சாவுகளையும் ஆராய்ந்தவர் என்பது நம் மருத்துவக் கல்லூரிகளில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது என்று தெரியவில்லை.

ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் அடுத்தடுத்துச் சாவது நம் ஊர்களில் இன்றும் தொடர்கிறது. தம்பி விழுந்தால் அண்ணன் இறங்குவார், தந்தை விழுந்தால் மகன் இறங்குவார். பதற்றத்தோடு ஓடி வந்தவரின் மூச்சு ஏற்கெனவே வேகமாக இருக்கும். முன்னவரைவிடக் குறைந்த நேரத்தில் அவர் கூடுதல் நச்சை இழுத்துவிடுகிறார். முகத்தில் கட்டிய துண்டு இதைத் தடுக்காது. மருத்துவமனைகளில் அணியும் முகக்கவசமும் துகள்களைத்தான் வடிகட்டும், வாயுவை அன்று. வாயுவை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கவசம்கூட இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. வெளியிலிருந்து குழாய் வழியே, அல்லது முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து, நல்ல காற்றைத் தரும் சாதனம் ஒன்றே உதவும்.

இந்த இடத்தில் சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 ஆவது பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் அபாயகரமான முறையில் தூய்மை செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் 'அபாயகரமான தூய்மைப் பணி' என்பதற்குச் சட்டம் தரும் வரையறை, பாதுகாப்புச் சாதனங்களும் நெறிமுறைகளும் இன்றிச் செய்யப்படுவது என்று அமைந்திருக்கிறது. கையுறையும் காலுறையும் முகக்கவசமும் கொடுத்தோம் என்று சொல்லித் தப்பிக்க அதில் இடம் இருக்கிறது. கையுறை அணிந்தவரின் பிஎச் எப்படிச் சரியும் என்பதை மேலே பார்த்தோம். கையுறையைப் பற்றிய சாட்சியம் ஒரு வழக்கில் வைக்கப்படும்போது, காற்று தரும் சாதனம் இருந்ததா, இறங்குவதற்கு முன்னும் வேலை நடக்கும்போதும் வாயு அளக்கப்பட்டதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. பட்டியல் சாதியினரை மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவது, 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம். முதல் தகவல் அறிக்கையில் அப்பிரிவு விடுபட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உயிர் தப்பியவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அவர்களுக்கு முதலில் வேண்டுவது ஆக்சிஜனும் தேவைப்பட்டால் செயற்கை மூச்சும். ரத்தம் அமிலமாகிவிட்டதே என்று சோடியம் பைகார்பனேட்டை ஊசிவழி செலுத்தினால் போதும் எனத் தோன்றலாம். மூச்சு சீராகாத நிலையில் அது மேலும் கரியமில வாயுவைத்தான் உண்டாக்கும், அந்த வாயு செல்லுக்குள் புகுந்து உள்ளிருந்து அமிலமாக்கும். வாயுவை வெளியேற்றும் வழி திறந்தால்தான் சமன்பாடு திரும்பும். மருத்துவமனைக்கு வந்த உடனே எடுக்கப்படும் தமனி ரத்த வாயுப் பரிசோதனை, பிஎச், கரியமில வாயு அழுத்தம், பைகார்பனேட் ஆகியவற்றை ஒரே தாளில் தருகிறது. வாயு அழுத்தம் மிகுந்து பைகார்பனேட் இயல்பாக இருந்தால் பாதிப்பு மூச்சின் வழி வந்தது, இப்போதுதான் நேர்ந்தது. பைகார்பனேட் சரிந்து லாக்டேட் உயர்ந்திருந்தால் செல்கள் ஆக்சிஜனின்றித் தவித்தன. அந்தத் தாளின் நகலைக் குடும்பத்தினர் கேட்டுப் பெற வேண்டும், அவர்களுடன் செல்லும் தோழர்கள் இதை நினைவூட்ட வேண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதுடன், பிழைப்பை முற்றிலும் பறிக்கும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்கும் ஏனைய ஊனங்களுக்கு 10 லட்சத்துக்கும் குறையாமல் வழங்கச் சொல்கிறது. நினைவாற்றல் மங்கியவர், கை நடுங்குபவர், வேலைக்குத் திரும்ப முடியாதவர் எனப் பின்விளைவுகளோடு வாழ்பவர்களுக்கு, அன்றைய பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் சான்று அந்த ஒரு தாளாக இருக்கக்கூடும்.

இறந்தவர்களின் நிலை வேறு. சாவுக்குப் பின் எல்லா உடல்களின் ரத்தமும் அமிலமாகிவிடும் என்பதால் உடற்கூறாய்வில் பிஎச் எதையும் நிறுவாது. ஆக்சிஜன் குறைவும் கரியமில வாயு மிகுதியும் தமக்கே உரிய தடயம் எதையும் உடலில் விட்டுச்செல்வதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் ரத்தத்திலும் சிறுநீரிலும் தயோசல்பேட் என்ற எச்சத்தை விட்டுச்செல்லலாம், அதைத் தேடும்படி கேட்டால் மட்டுமே ஆய்வகம் தேடும். எஞ்சும் சான்று குழியின் காற்று. மீட்புப் பணிக்காக மூடிகள் திறக்கப்பட்டு, நீர் பாய்ச்சப்பட்டு, சில மணி நேரத்தில் அதுவும் கலைந்துவிடும். தீயணைப்புத் துறையினர் வந்தவுடன் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகிய நான்கையும் அளந்து, நேரத்தோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று அங்கே நிற்கும் எவரும் கோரலாம். பல வாயுமானிகளில் கரியமில வாயுவுக்கான உணர்வி இருப்பதில்லை. இல்லையென்றால், இல்லை என்பதையாவது எழுதச் சொல்ல வேண்டும்.